காற்றடிக்க வரிசையில் உன் அம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். இங்கே உன் அம்மா சுகம். சும்மா சுகமில்லை, இந்த வயதில் ஒருத்தி இவ்வளவு சுகமாக இருக்கலாமா என்று கேட்கிற அளவுக்குச் சுகம். நான் பிழைத்துக் கிடக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சில் சின்னதாக ஒரு அடைப்பு, எடுத்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மா உன்னிடம் ஃபோனில் சொன்னாளாமே, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் அடைப்பு எடுத்த மாதிரி சொல்லியிருக்கிறாள். நடந்தது அப்படி இல்லை. டாக்டர் என்னை அதிகம் பேசக்கூடாது என்றிருக்கிறார், அதிலும் கத்தவே கூடாதாம், இந்த விஷயத்தை உன்னிடம் ஃபோனில் பேசினால் கத்தாமல் இருக்க என்னால் முடியாது, அதனால்தான் முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கடிதம். கையெழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள். முதலிலேயே ஒன்று கேட்டுவிடுகிறேன். உனக்கு எல்லாம் தெரியுமாமே? அம்மா சைக்கிள் விடுகிறாள் என்று கடல் தாண்டி இருக்கிற உனக்குத் தெரியும், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சருக்குத் தெரியும், நெஞ்சு டாக்டருக்குக்கூடத் தெரியும், அவளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுகிற எனக்கு மட்டும் தெரியாது. நல்லா இருக்கும்மா உங்கள் நியாயம்.

என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேள். போன வருஷம் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேனே, அப்போது டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, கொஞ்சம் கசிவு இருக்கிறது என்றார். கொஞ்சம் என்றுதான் சொன்னாராம். என் காதில் கசிவு மட்டும்தான் விழுந்தது. நான் பெட்ரோல் பங்க் சூப்பர்வைசர், கசிவு என்கிற வார்த்தையே எனக்கு ஆகாது. பங்க்கில் ஒரு இடத்தில் கசிகிறது என்றால் நாங்கள் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டோம். மெயினை அணைப்போம், பம்பை நிறுத்துவோம், சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை வெளியே அனுப்புவோம், அப்புறம்தான் பேச்சு. வீட்டிலும் அதையேதான் செய்தேன். வாளி தூக்காதே, படி ஏறாதே, குனியாதே, வேகமாக நடக்காதே, துணி காயப்போட நான் இருக்கிறேன், கடைக்குப் போக நான் இருக்கிறேன். அவள் வாய்விட்டுச் சிரித்தால்கூட மெதுவா மெதுவா என்று கை காட்டுவேனாம், இது அந்த டீச்சர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதை. பல் டாக்டர் கிளினிக்கில் வருகிறவர்களின் பெயரைப் பதிந்து உட்கார வைக்கிறாளே, அந்த வேலையையும் விடச் சொன்னேன், அதற்கு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. சரி என்று ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டிக்கொண்டு வந்தேன். பிறகு எனக்குக் காலை ஷிப்டாக மாறியதும், இனிமேல் பஸ்ஸில் போய் வருகிறேன் என்றாள். நானும் நம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று தினமும் கேட்பேன், கிடைச்சது என்பாள். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை, சைக்கிளில் உட்கார இடம் எப்போதும் இருக்கத்தானே செய்கிறது.

இதற்கு நடுவில் இந்த ஊருக்கு என்னதான் ஆனதோ தெரியவில்லை, எங்கே திரும்பினாலும் சைக்கிள். முன்பெல்லாம் சைக்கிளில் போகிறவனைப் பார்த்தால் பாவம் என்போம், இப்போது காரில் போகிறவன்தான் பாவம். பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், கார்க்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு அதே இடத்தில் வெந்துகொண்டிருக்க, சைக்கிள்காரன் இடுக்கில் பூனை மாதிரி நழுவிப் போய்விடுகிறான். பேங்க் மேனேஜர் டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு மிதித்துப் போகிறார். சர்க்கரை குறைய ஒருவர், தொப்பை குறைய ஒருவர், பொழுது போக ஒருவர், ஆபீசுக்கு நேரத்தோடு போய்ச் சேர ஒருவர் என்று எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பங்க்கில் பெட்ரோலுக்கு நிற்கிற வரிசையைவிடக் காற்றுக்கு நிற்கிற வரிசை நீளம். காற்று இலவசமாயிற்றே. வருவார்கள், அடித்துக்கொள்வார்கள், தாங்க்ஸ் அண்ணே என்று போய்விடுவார்கள். இத்தனை காலம் என்னை லிட்டர் அண்ணன் என்று கூப்பிட்டவர்கள் இப்போது காற்று அண்ணன் என்கிறார்கள், கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலாளி வயிற்றெரிச்சல் தாங்காமல் சைக்கிளுக்குக் காற்று கிடையாது என்று ஒரு போர்டு எழுதி வைத்தார், மறுநாள் அவர் மருமகளே சைக்கிளில் வந்து அந்தப் போர்டுக்கு எதிரே நின்றதும் சத்தம் போடாமல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தேன். அடுத்த சிரிப்பு என்னைப் பார்த்து என்று அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்கால ஷிப்டுக்கு வரவேண்டியவர் வரவில்லை என்று நானே தொடர்ந்து நின்றேன். காற்றடிக்கிறவரும் லீவு. அதனால் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். காற்றடிக்கும்போது நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, சக்கரம் வரும், அடிப்பேன், அடுத்த சக்கரம் வரும். ஒரு சிவப்புச் சைக்கிள் வந்தது, முன் சக்கரத்துக்கு அடித்துவிட்டுப் பின்னால் போனேன், பெடலில் இருந்த செருப்பைப் பார்த்தேன், எங்கேயோ பார்த்த செருப்பாக இருக்கிறதே என்று நினைத்தேன், அதற்கு மேலே நீ விட்டுவிட்டுப் போன நீல டிராக் பேன்ட், அதற்கும் மேலே தலையில் ஹெல்மெட்டோடு உன் அம்மா. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டேன். கையில் குழாய் உஸ்ஸென்று காற்றைக் கக்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. வேறு யாராவது பெண்ணாக இருந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். இவள் என்னைப் பார்த்துக் கொஞ்சமும் அசராமல், பின் சக்கரத்துக்கு ரொம்ப அடிச்சிடாதீங்க, போன தடவை இங்கே கல்லு மாதிரி அடிச்சிட்டாங்க என்கிறாள். போன தடவையாம். வாராவாரம் வருகிறாளாம், நான் இல்லாத ஷிப்டாகப் பார்த்து வருகிறாளாம். பம்பு பக்கத்தில் நின்ற நம் ஆட்கள் அத்தனை பேரும் வானத்தைப் பார்க்கிறார்கள். அப்போதுதான் புரிந்தது, பங்க் முழுக்கத் தெரிந்த விஷயம் பங்க் சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை நான் எழுதவில்லை, உனக்கு அன்றைக்கே செய்தி வந்திருக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் டீச்சர் பிடித்துக்கொள்ள இவள் பழகினாளாம், முட்டி இரண்டும் சிராய்ந்து காயத்தோடு வந்தபோது கிளினிக்கில் வழுக்கி விழுந்தேன் என்றாளே, அது மைதானத்தில் விழுந்ததாம். தலைக்கு ஹெல்மெட் அனுப்பியது நீயாம். சைக்கிள், டீச்சர் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே தூங்குமாம். நான் வால்வு வால்வு என்று அடித்துக்கொள்கிறேன், அவள் நிதானமாகத் துண்டால் சைக்கிளைத் துடைக்கிறாள். உனக்கு ஏதாவது ஆனால் நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டேன், அதைக் கேட்டதும் துடைக்கிற கை நின்றது, ஏதோ சொல்ல வந்தாள், சொல்லாமல் விட்டுவிட்டாள். நானும் கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் டீச்சர் நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைத்தார். கிளினிக்குக்குப் போகலாம் வரலாம், வேறு எங்கேயும் இல்லை, போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும். ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே, அவள் ஃபோன் வருகிற வரைக்கும் தினமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். யாராவது பணத்தைக் குறைவாகக் கொடுத்தால்கூட எண்ணிப் பார்க்கிற புத்தி இல்லாமல் நின்றிருக்கிறேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். டேங்கர் லாரி வந்து நின்று எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் சூப்பர்வைசர் அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது. அம்மாவின் ஃபோன் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை, சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அப்போதே நெஞ்சை ஏதோ பிசைகிற மாதிரி இருந்தது, பயம் என்று நினைத்தேன். அப்போது டீச்சரிடமிருந்து ஃபோன் வந்தது, அவரும் அதே வழியாகத்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவர். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணே, அக்காவுக்கு வால்வு போயிடுச்சு. மேம்பாலத்துக்குக் கீழே உட்கார வச்சிருக்கோம். டியூப் போட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க பதறாதீங்க.”

அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது. எத்தனை வருஷமாகக் காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறேன் நான்? வால்வு என்றால் டயர், டியூப் என்றால் டயர், அதைத் தவிர அந்த வார்த்தைகளுக்கு வேறு அர்த்தமே தெரியாமல் வாழ்ந்தவன். அன்றைக்கு மட்டும் சைக்கிள் என்கிற எண்ணமே வரவில்லையே. இதய வால்வு கிழிந்துபோய், ரோட்டோரத்தில் கிடத்தி, மூக்கில் டியூப் சொருகுகிறார்கள் என்றுதான் கண் முன்னால் ஓடியது. டேங்கராவது மண்ணாவது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். எங்கே பறக்கிறது, தோண்டிப் போட்ட ரோட்டில் கார்கள் வால் பிடித்த மாதிரி நிற்கின்றன, ஸ்கூட்டர் நுழையக்கூட இடமில்லை, அதை அப்படியே ஓரமாகச் சாய்த்துவிட்டு ஓடினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஓடியதே இல்லை அம்மாடி. மேம்பாலம் கண்ணுக்குத் தெரிகிறது, கால் போகமாட்டேன் என்கிறது, சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது, இடது கையை யாரோ திருகுகிற மாதிரி வலிக்கிறது. அதெல்லாம் யாருக்கு வேண்டும், அவள் உயிரோடு இருந்தால் போதும் என்று ஓடினேன்.

போய்ப் பார்த்தால் பஞ்சர் கடைக்கு முன்னால் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. கடைக்காரர் டியூபை உள்ளே திணித்துக்கொண்டிருக்கிறார். உன் அம்மா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறாள். நீங்க எதுக்கு வந்தீங்க, டேங்கர் வர்ற நாளாச்சே என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் நான் பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்தாராம். உன் அம்மா நினைக்கவில்லை. என் முகத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள், பழத்தைக் கீழே போட்டாள், கடைக்காரரிடம் காற்றை அடிங்க சீக்கிரம் என்றாள். ஆம்புலன்சுக்கு ஃபோன் போட்டார்கள், இந்த நெரிசலில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். அவள் சைக்கிளை நிமிர்த்தி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, “ஏறுங்க” என்றாள்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். உயிர் போகிற நேரத்திலும் பார், பெண்டாட்டி மிதிக்க நான் பின்னால் கேரியரில் உட்காருவதா என்றுதான் முதலில் தோன்றியது, அதற்கப்புறம்தான் அவள் வால்வு நினைவுக்கு வந்தது. டீச்சரும் கடைக்காரரும் என்னை அள்ளிக் கேரியரில் வைத்தார்கள். டீச்சர் தன் சைக்கிளில் முன்னால் போய் மணியடித்து வழி கேட்கிறார், வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் கார்களை அதட்டுகிறார், கடைக்காரர் பக்கத்தில் ஓடிக்கொண்டே என் முதுகைத் தாங்கிப் பிடித்திருக்கிறார், உன் அம்மா மிதிக்கிறாள். காருக்கும் காருக்கும் நடுவில் போகிறோம், எல்லாம் நான் பெட்ரோல் போட்டுக் கொடுத்த கார்கள், எல்லாரும் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார்கள், லிட்டர் அண்ணன்தானே இது என்று ஒருவன் சொல்வது காதில் விழுகிறது. அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கிறது. நிறுத்து, உன் வால்வு, உன் வால்வு என்று அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு முனகினேன். வாயை மூடிக்கிட்டு வாங்க என்றாள். அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ வண்டி ஏறியிருக்கிறேன், அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வண்டியிலும் போனதில்லை.

உள்ளே கொண்டுபோனதும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நெஞ்சுக்குப் போகிற குழாயில் பெரிய அடைப்பு, கம்பிச் சுருள் மாதிரி ஒன்றை வைத்து விரித்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்று உன் அம்மாவைப் பார்த்த அதே டாக்டர் சொன்னார். வால்வு போய்விட்டது என்று யாருக்காக ஓடினேனோ அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், டியூப் எல்லாம் எனக்குத்தான் போட்டிருந்தார்கள். கண் திறந்ததும் டாக்டரிடம் நான் கேட்டது, அவளைப் பாருங்கள், என்னைச் சுமந்துகொண்டு மிதித்தாள் என்பதுதான். பார்த்துவிட்டேன், கசிவு போன வருஷம் இருந்தபடியேதான் இருக்கிறது, மூச்சு முன்னைவிட நன்றாகவே இருக்கிறது என்றார். சமதரையில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டச் சொன்னதே நான்தான், உங்களை வைத்து ஓட்டச் சொல்லவில்லை என்று அவளைப் பார்த்து முறைத்தார். அவளை எதுவும் செய்யவிடாமல் உட்கார வைத்ததுதான் தப்பு என்றும் சொன்னார். எனக்கு அடைப்பைவிட அதுதான் பெரிய அடி.

இதோடு முடிந்திருந்தால் நான் உனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் அவள் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். கோபமாக இல்லை, கோபப்படத் தெம்பும் இல்லை. டாக்டர் சைக்கிள் சொன்னதும் உடற்பயிற்சிக்காகத்தானே, வீட்டைச் சுற்றி நடந்திருக்கலாமே, இந்த வயதில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு சைக்கிள் எதற்கு என்றேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மாடி ஏறும்போது நடுப்படியில் நின்று சாவியைத் தேடுகிற மாதிரி தேடுவீர்களே, சாவி கையிலேயே இருக்கும், இன்னொரு கை நெஞ்சைத் தடவும், பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா என்றாள். டாக்டரிடம் போகலாம் என்றால் வெறும் வாயு, கேஸ் என்று தட்டிக் கழித்தீர்களே என்றாள். அப்புறம் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணுன்னா ஸ்கூட்டர்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போக நீங்க இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எதுலங்க தூக்கிட்டுப் போறது?”

ஸ்கூட்டர் ஓட்ட அவளுக்குப் பயம், அதன் எடையை அவளால் பிடிக்க முடியாது. பக்கத்தில் பிள்ளை இல்லை. அதனால் தனக்குத் தூக்க முடிந்த ஒரு வண்டியைப் பழகியிருக்கிறாள். முதலில் டீச்சரையே பின்னால் உட்கார வைத்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி மிதித்துப் பழகினாளாம், டீச்சரும் என் எடை இருப்பார் போலிருக்கிறது. நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் என்னைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் அந்த அதிர்ச்சி தீரவில்லை அம்மாடி. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன், உன்னிடம்தான் சொல்ல முடியும். உனக்கு அவள் சைக்கிள் விடுவது தெரியும், எதற்கு என்று அவள் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

இனிமேல் அவளைப் பற்றிப் பயப்பட மாட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுத முடியாது. இப்போது கிளினிக்குக்குக் கிளம்பிப் போயிருக்கிறாள், போய்ச் சேர்ந்தேன் என்று ஃபோன் வருகிற வரைக்கும் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. எழுதுகிற இந்தக் கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இருவரும் நல்ல மூச்சும் நல்ல தூக்கமுமாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிறைய காலம் வாழ வேண்டும், இந்த அப்பா மனதார ஆசீர்வதிப்பது அதைத்தான். ஒன்று மட்டும் மறக்காதே. இந்த நெஞ்சடைப்பு என் பக்கத்து ரத்தத்தில் வருவது, எனக்கு ஒன்றும் இல்லை என்று என்னை மாதிரி நீயே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல் ஒரு நாள் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அவருக்குச் சைக்கிள் தெரியுமா என்றும் எழுது, தெரியாவிட்டால் பழகச் சொல், உன்னைப் பின்னால் உட்கார வைத்து மிதிக்கிற அளவுக்குப் பழகச் சொல்.

உன் அம்மா மிதித்துக் கொண்டுவந்து சேர்த்த,
உன் அப்பா